போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்): சர்வரில் எந்தெந்தப் பயனர் மெயில் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்த முடியுமா?

கேள்வி:
வணக்கம். டெபியன் (லினக்ஸ்) சர்வர். மூன்று தளங்களும் ஒரே வெப் பயனரின் (டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா) கீழ் ஓடுகின்றன. நேற்று காலை பார்த்தால் மெயில் வரிசையில் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்கின்றன, ஒன்றுகூட நான் அனுப்பியதில்லை. பதிவில் பிக்கப் (உள்ளூர்க் கட்டளை வழி வரும் மெயிலை எடுக்கும் பகுதி) வரிகள் எல்லாவற்றிலும் ‘யுஐடி=33’ (பயனர் எண்). மெயில் அனுப்பும் கட்டளையான சென்ட்மெயில் கோப்பை ரூட் (நிர்வாகப் பயனர்) மட்டுமே இயக்கும்படி அனுமதியை மாற்றினேன். கண்காணிப்புப் பயனர் அனுப்பும் எச்சரிக்கைகளும் நின்றுவிட்டன. ஒரு தளத்திலிருந்து ரசீது மெயில் போயே ஆக வேண்டும். என்ன செய்யலாம்?

பதில் 1:
டெபியனில் 33 என்பது வெப் பயனரின் எண்தான். கோப்பு அனுமதியைப் பழையபடி வைத்துவிடுங்கள், அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் அமைப்புக் கோப்பில் ‘ஆத்தரைஸ்டு_சப்மிட்_யூசர்ஸ்’. எதுவும் எழுதாவிட்டால் எல்லோரும் அனுப்பலாம். ரூட், கண்காணிப்புப் பயனர் என்று பெயர்களை மட்டும் எழுதினால் மற்ற எல்லோருக்கும் மறுப்பு. ஒருவரை மட்டும் தடுக்க, அவர் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டு, அடுத்து ‘ஸ்டாட்டிக்:ஆல்’ (எல்லோருக்கும் அனுமதி). வரிசை முக்கியம், முதலில் பொருந்துவதே செல்லும். ‘ஆல்’ முன்னால் வந்தால் தடை வேலை செய்யாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வெப் பயனரைத் தடுத்தேன், மறுப்பு வரிகள் பதிவில் விழுந்தன. ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வரிசை நிரம்புகிறது! இந்த முறை பிக்கப் வரியே இல்லை. ‘எஸ்எம்டிபிடி’ (நெட்வொர்க் வழி மெயில் வாங்கும் பகுதி) வரியில் லோக்கல்ஹோஸ்டிலிருந்து (அதே இயந்திரம்) இணைப்பு என்றும், பக்கத்தில் ‘::1’ என்றும் இருக்கிறது.

பதில் 2:
அது இன்னொரு வாசல். மேலே சொன்ன அமைப்பு சென்ட்மெயில், போஸ்ட்டிராப் கட்டளைகளை மட்டுமே காவல் காக்கும். இந்த மெயில்களை அனுப்பும் ஸ்கிரிப்ட் இப்போது நேராக மெயிலுக்கான 25ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. சொந்த இயந்திரத்திலிருந்து வருவதை ‘மைநெட்வொர்க்ஸ்’ (நம்பகமான முகவரிகளின் பட்டியல்) நம்புவதால் போஸ்ட்ஃபிக்ஸ் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது.

ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) இணைப்பைத் தொடங்கும் பயனரைப் பார்க்கும் ஓனர் என்று ஒரு பொருத்தி உண்டு. அவுட்புட் சங்கிலியில், வெப் பயனரின் யுஐடியிலிருந்து 25க்குப் போகும் டிசிபி இணைப்புகளை ரிஜெக்ட் செய்யுங்கள். வெளி சர்வர்களுக்கு நேராகப் போவதும் இதிலேயே அடைபடும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் சொந்தப் பயனராக அனுப்புவதால் அதற்குப் பாதிப்பில்லை. ‘::1’ ஐபிவி6 முகவரி, ஆகவே ஐபி6டேபிள்ஸிலும் அதே விதி கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்டு நானே ஓர் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன். விதிகளைச் சேமித்தும் வையுங்கள், ரீபூட் ஆனால் போய்விடும்.

பதில் 3:
தடுப்பது சரி, அந்த ஸ்கிரிப்டைப் பிடிக்க வேண்டாமா? வரிசையில் கிடக்கும் பழைய மெயில் ஒன்றை ‘போஸ்ட்கேட் -க்யூ’ கொடுத்துத் திறந்து பாருங்கள். பிஎச்பியில் ‘மெயில்.ஆட்_எக்ஸ்_ஹெடர்’ இயக்கத்தில் இருந்திருந்தால், அனுப்பிய கோப்பின் பெயர் தலைப்பிலேயே இருக்கும். ரசீது தளத்துக்குத் தனிப் பயனர், தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை ஓட்டும் புராசஸ் குழு) கொடுங்கள். அப்போது அந்த ஒரு தளம் மட்டும் அனுப்பும், மற்றவற்றை நிம்மதியாக அடைக்கலாம்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது. தலைப்பில் ‘33:’ என்று தொடங்கி ஒரு கோப்புப் பெயர். தேடினால், பழைய தளத்தின் அப்லோடு கோப்புறைக்குள் படங்களோடு படமாக அந்த பிஎச்பி கோப்பு. பிரதி எடுத்துவைத்து நீக்கினேன், அந்தத் தளத்தையும் நிறுத்தியாயிற்று. ரசீது தளம் தனிப் பூலில் ஓடுகிறது, ஐபி6 விதியும் போட்டேன். வரிசையை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை, உண்மையான ரசீதுகளும் அதில் சிக்கியிருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்த பிறகே மற்றதை அழித்தேன். மூவருக்கும் நன்றி.