புது ஊர், அரை நாள் அவகாசம்: நகர மியூசியத்தை எப்படிப் பார்ப்பது?

தெருமுனை:
முன்பின் தெரியாத ஒரு நகரத்துல ரெண்டு நாள்தான் தங்க முடியும், அதுல அரை நாளை நகர வரலாற்று மியூசியத்துக்கு ஒதுக்கலாம்னு வெச்சுக்குவோம். முதல் கூடத்துல ஆரம்பிச்சு கல்லாயுதம், பானை ஓடு, காசு, வாள்னு வரிசையா படிச்சுக்கிட்டே போனா, ஊரோட கதை சூடுபிடிக்கிற இடத்துக்கு வரும்போது கால் ஓஞ்சிடுது. வெளியே வந்தா தெருவுக்கும் உள்ளே பார்த்ததுக்கும் முடிச்சுப் போட முடியலை. எதை முதல்ல பார்க்கணும், எதை விடலாம்? மியூசியம் முதல்லயா, தெரு முதல்லயா?

பழைய வரைபடம்:
கால் ஓயறதுக்குக் காரணம் கணக்குலயே இருக்கு. 300 லேபிள், ஒவ்வொண்ணுக்கும் அரை நிமிஷம்னாலே இரண்டரை மணி நேரம். அதுல பொருளைப் பார்க்கிற நேரம் சேரவே இல்லை.

உள்ளே போனதும் நகரத்தோட மாதிரி வடிவம் எங்கே இருக்குன்னு கேளுங்க. அது இல்லைன்னா பெரிய பழைய வரைபடம். அது மூணாவது மாடியில இருந்தாலும் நேரா அங்கேதான் போகணும். அங்கே 20 நிமிஷம் நின்னு நாலு விஷயத்தைக் கண்டுபிடிங்க: தண்ணீர் எங்கிருந்து வந்தது, மதில் எங்கே ஓடினது, சந்தை எங்கே கூடினது, சரக்கு எந்த வழியா உள்ளே வந்தது. இது நாலும் தெரிஞ்சா மத்த கூடங்கள்ல இருக்கிற பொருள் எல்லாம் தானா ஒரு இடத்துல போய் உட்காரும்.

ப்ராக் நகர மியூசியத்தோட லாங்வைல் மாதிரியை எடுத்துக்குங்க. அன்டோனின் லாங்வைல் 1826லேருந்து 1837 வரைக்கும் அட்டையாலயும் காகிதத்தாலயும் செஞ்சது. அளவு 1:480, ரெண்டாயிரத்துக்கும் மேல வீடுகள். சுவர், கூரை, ஜன்னல்னு ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா வரைஞ்சிருக்கார். அதுல யூதர் குடியிருப்பைத் தேடுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்த சந்துகளா இருக்கும். பிறகு வெளியே போய் பழைய நகரச் சதுக்கத்துலேருந்து ஆத்தங்கரைக்கு நடந்தா பாரிஸ்கா தெரு அகலமா, நேரா கிடக்கும். 1890கள்ல தொடங்கி அந்தச் சந்துகளை இடிச்சுத்தான் இந்தத் தெருவைப் போட்டாங்க. தொழுகைக்கூடங்கள் சிலதும் பழைய கல்லறையும்தான் தப்பினது. இந்த ஒரு ஒப்பீடு பத்து விளக்கப் பலகைக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை: மாதிரி எந்த வருஷத்தைக் காட்டுதுன்னு முதல்ல பாருங்க. நியூயார்க்கின் குவீன்ஸ் மியூசியத்துல இருக்கிற நகர மாதிரி வடிவம் 1964 உலகக் கண்காட்சிக்காகச் செஞ்சது, ஆனா 1992ல பெரிய அளவுல புதுப்பிச்சாங்க. 1964ன்னு நினைச்சுப் பார்த்தா தப்பாப் புரியும். அளவையும் மனசுல வெச்சுக்குங்க. அங்கே 1:1200, அதாவது ஒரு சென்டிமீட்டர்னா 12 மீட்டர்.

பேழைச்சாவி:
மாதிரியைப் பத்திச் சொன்னது சரி. லேபிளைப் பத்தி நான் சேர்க்கிறேன், ஏன்னா பெரும்பாலானவங்க மேல் வரியைப் படிச்சுட்டு நகர்ந்துடறாங்க. விஷயம் கடைசி வரியில இருக்கு.

அடியில 1931.12.4 மாதிரி ஒரு எண் இருந்தா, பல மியூசியங்கள்ல அதுக்கு அர்த்தம்: 1931ல வந்தது, அந்த வருஷத்தோட 12வது வரவு, அந்த வரவுல 4வது பொருள். இது பொருளைச் செஞ்ச வருஷம் இல்லை, உள்ளே வந்த வருஷம். பக்கத்துல நன்கொடையா, விலைக்கு வாங்கினதா, அகழாய்வுல கிடைச்சதான்னு போட்டிருக்கும். ஒரே வட்டாரத்துப் பொருட்கள் அடுத்தடுத்த சில வருஷங்கள்ல குவிஞ்சிருந்தா, அப்போ அங்கே யாரோ இடிச்சிருக்காங்க, இல்லை தோண்டியிருக்காங்க.

சில மியூசியமே இடிப்புலேருந்து பிறந்ததுதான். பாரிஸின் கார்னவாலே மாளிகையை நகராட்சி 1866ல வாங்கினது. ஓஸ்மான்ங்கிற அதிகாரி பழைய பாரிஸை இடிச்சு அகலச் சாலைகள் போட்டுக்கிட்டிருந்த காலம். 1880ல மியூசியமா திறந்தாங்க. அங்கே நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்றது பழைய கடைப் பலகைகள் இருக்கிற கூடத்துக்கு. எழுத்தை விட உருவம்தான் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைய இருந்த ஊர். இப்போ இருக்கிற வீட்டு எண் முறையும் 1805லதான் வந்தது. வீட்டு எண்கள் வர்றதுக்கு முன்னாடி இந்த உருவங்கள்தான் முகவரி. ராஜா படத்தை விட இது ஊரைப் பத்தி அதிகம் பேசும்.

தேதியில ரெண்டு இடத்துல வழுக்கும். ‘1650–1700’ன்னா அம்பது வருஷம் புழக்கத்துல இருந்ததுன்னு இல்லை, அந்த இடைவெளியில எப்பவோ செஞ்சது, சரியான வருஷம் தெரியலைன்னு அர்த்தம். ‘பிரதி’, ‘வார்ப்பு’ன்னு இருந்தா அசல் எங்கேன்னு பாருங்க.

கரையோரம்:
பழைய வரைபடம் சொல்ற வரிசையில எனக்கு முழு உடன்பாடு இல்லை. உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது தெருவுல நடங்க. தெரு ஏன் இங்கே திடீர்னு வளையுது, இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன்னு மூணு கேள்வியாவது மனசுல இருந்தாத்தான் மாதிரி வடிவம் பேசும். இல்லைன்னா அது வெறும் பொம்மை ஊர்.

விதிவிலக்கு தொல்லியல் இடங்கள். இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பொம்பெயி நகரத்துல, ‘ஃபான் வீடு’ங்கிற மாளிகைத் தரையில இருக்கிற அலெக்சாண்டர் மொசைக் பிரதி, அசல் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் மியூசியத்துல. அங்கே மியூசியத்தை முதல்ல பார்த்தா, வெறும் சுவருக்குள்ள எது இருந்ததுன்னு கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, யாரைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லைன்னு பாருங்க. லண்டன் டாக்லேண்ட்ஸ் மியூசியம் இருக்கிறது 1802ல கட்டின சர்க்கரைக் கிடங்குல. திறந்தது 2003ல, சர்க்கரையையும் அடிமை முறையையும் பத்தின நிரந்தரக் கூடம் 2007லதான் வந்தது. வாசல்ல நின்ன, அடிமைகளை வெச்சிருந்த வணிகர் ராபர்ட் மில்லிகனோட சிலையை எடுத்தது 2020ல. கூடம் திறந்த வருஷத்தையும் ஒரு காட்சிப் பொருளாவே படிக்கணும்.

தெருமுனை:
ரொம்ப நன்றி. ‘இந்த ஓவியம் தற்போது காட்சியில் இல்லை’ங்கிற ஏமாற்றத்தைத் தவிர்க்க வழி உண்டா? கண்ணாடிக்குள்ள இருக்கிறதைப் படம் எடுத்தா முகம்தான் விழுது, அதுக்கும்.

பேழைச்சாவி:
துணி, காகிதம், நீர்வண்ணம் இதெல்லாம் வெளிச்சத்துல வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனாலதான் பொதுவா 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சம், சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்தி வைக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளுக்காகவே போறதா இருந்தா இணையப் பட்டியல்ல அதன் எண்ணைத் தேடி ‘காட்சியில் உள்ளது’ன்னு இருக்கான்னு பாருங்க, சந்தேகம்னா எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போடுங்க. கட்டடம் மாறியிருக்கான்னும் பாருங்க, லண்டன் வால் தெருவுல இருந்த லண்டன் மியூசியம் ஸ்மித்ஃபீல்டுக்கு மாறறதுக்காக 2022 டிசம்பர்ல மூடினது மாதிரி.

படத்துக்கு: ஃபிளாஷை அணைச்சுட்டு, போனைக் கண்ணாடியோட ஒட்டினாப்போல பிடிச்சு, லேசா சாய்ச்சு எடுங்க. கண்ணாடியைத் தொடக் கூடாதுன்னு இருந்தா, கறுப்புச் சட்டை போட்டு ஓரமா நின்னு எடுத்தா பாதிப் பிரதிபலிப்பு போயிடும். லேபிளை முதல்ல, பொருளை அடுத்ததா எடுங்க, அப்பத்தான் பிறகு எது எதுக்குன்னு குழம்பாது.

பழைய வரைபடம்:
கரையோரம் சொன்னதை ஒத்துக்கறேன், நடந்துட்டே போங்க. ஆனா மூட்டையோட இல்லை. முதுகுப்பையைப் பொருள் காப்பறையில விடுங்க. கால் வலி புதுசு இல்லை, பாஸ்டன் நுண்கலை மியூசியத்தோட பெஞ்சமின் கில்மன் 1916லயே பேழைக்கு முன்னாடி குனிஞ்சு நிமிர்றவரைப் படமெடுத்து ‘மியூசியச் சோர்வு’ன்னு எழுதினார். 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்காருங்க. நுழைவு பல இடத்துல மூடறதுக்கு அரை மணி முன்னாடியே நின்னுடும், வார விடுமுறை திங்களா செவ்வாயான்னும் பார்த்துக்குங்க. குறிப்பெடுக்கப் பென்சில் வெச்சுக்குங்க, சில கூடங்கள்ல பேனாவை விட மாட்டாங்க.