அடுத்தவர் ஸ்டேட்டஸ் பார்த்து மனம் சுருங்குகிறதா? உருப்படியாகச் செய்யக்கூடியவை

பொன்னி (திரியைத் தொடங்கியவர்):
இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டு "நாம மட்டும்தான் பின்தங்கிட்டோம்" என்று ஒடுங்கிப்போவதைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "போனைத் தூக்கி ஓரமா வை" என்ற ஒற்றை வரி வேண்டாம். வேலை, பள்ளி, வீடு எல்லாவற்றுக்கும் போன்தான் இன்று வழி. விஷயம் தெரிந்தவர்கள் என்ன செய்யணும், எங்கே சறுக்கும் என்று விவரமாக எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

மலைக்கோட்டை (மனநல ஆலோசகர்):
முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள். எழுத மட்டும் செய்யுங்கள். சின்ன நோட்டில் மூன்று கட்டம்: மணி, யாருடைய பதிவு, அப்போது மனதில் ஓடிய வாக்கியம். வாக்கியத்தை ஓடியபடியே எழுத வேண்டும். "பொறாமை" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. "இரவு 11.40. காலேஜ் தோழி, கிரகப்பிரவேசம். அவளுக்கு 30 வயசுல சொந்த வீடு, நான் இன்னும் வாடகை வீட்ல." இந்த அளவுக்கு வேண்டும்.

"யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் ஐந்தாறு பேருக்குள் அடங்கிவிடும். அதுவும் அதிகம் இரவில், படுக்கையில். அந்த ஐந்தாறு பேர் நடிகர்களாக இருப்பது அரிது. கூடப் படித்தவர், ஓரகத்தி, ஒரே நாளில் ஆபீஸில் சேர்ந்தவர். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே இதை எழுதிவிட்டார்: அளக்க வேறு அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் தம்மை இன்னொருவரோடு வைத்து அளப்பார், அதிலும் தம்மைப் போன்றவரோடுதான். நடிகையின் வைர நெக்லஸ் உறுத்தாது, ஓரகத்தியின் புது வளையல் உறுத்தும்.

எட்டாம் நாள் அந்த வாக்கியங்களை இரண்டாகப் பிரியுங்கள். நிஜமாகவே எனக்கு வேண்டியது ஒரு பக்கம். அவருக்குக் கிடைத்ததால் மட்டும் வேண்டும்போல் தோன்றியது மறுபக்கம். முதல் பக்கத்தில் இருப்பதை வேலையாக மாற்ற வேண்டும்: எவ்வளவு பணம், எந்த மாதத்துக்குள், இந்த வாரம் என்ன. இரண்டாம் பக்கத்துக்குத்தான் ம்யூட், அதாவது அவர் பதிவு நம் கண்ணில் படாமல் மறைத்துவைப்பது. இங்கே பலரும் மாற்றிச் செய்துவிடுவார்கள். தோழியை ம்யூட் செய்யலாம், வீடு வேண்டும் என்ற ஆசையை ம்யூட் செய்ய முடியாது. அது வேறு முகத்தில் திரும்ப வரும்.

கணக்கு டீச்சர்:
ஒரு சின்னக் கணக்கு. உங்கள் போனில் 300 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை டூர் போகிறார்கள். மாதத்துக்கு 25 டூர் ஆயிற்று. அதாவது கிட்டத்தட்ட தினமும் யாரோ ஒருவர் கொடைக்கானலிலோ துபாயிலோ நிற்பார். நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை போனவர்தான். ஆனால் 300 பேரையும் மனசு ஒரே ஆளாகச் சேர்த்துவிடுகிறது. "எல்லாரும் ஊர் சுத்துறாங்க" என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்று. நம் நண்பர்களுக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பதுபோலத் தெரிவது பிரமை இல்லை, கணக்கே அப்படித்தான். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் இதை விளக்கினார். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ரமாவுக்கு மூன்று பேரும் தோழிகள், அந்த மூன்று பேருக்கும் ரமா மட்டும்தான் தோழி. நான்கில் மூன்று பேர் தன் தோழியைப் பார்த்து "அவளுக்கு மூணு பேர், எனக்கு ஒருத்திதான்" என்பார்கள். அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. நிறையப் பேரோடு தொடர்புள்ளவர் நிறையப் பேரின் பட்டியலில் இருப்பார், அவ்வளவுதான்.

செட்டிங்ஸ் செல்வம்:
டீச்சர் சொன்ன 300ஐக் குறைக்கிற வழியை நான் சொல்றேன். ஆப் அப்டேட் ஆக ஆக மெனு இடம் கொஞ்சம் மாறும், பேரைப் பார்த்துத் தேடிக்கோங்க.

இன்ஸ்டாவுல அந்த ஐந்தாறு பேரோட புரொஃபைலுக்குப் போங்க. ஃபாலோயிங் பட்டனைத் தொட்டா ம்யூட் வரும். போஸ்ட், ஸ்டோரி ரெண்டையும் தனித்தனியா அடைக்கணும். நிறைய பேர் போஸ்ட்டை மட்டும் அடைச்சிட்டு ஸ்டோரியை விட்டுடுவாங்க, உறுத்தறது அதிகம் அதுலதான். அன்ஃபாலோ பண்ணாதீங்க. சொந்தக்காரங்க கண்டுபிடிச்சா அது ஒரு தனிப் பஞ்சாயத்து.

முன்பின் தெரியாதவங்க ரீல்ஸ்தான் தொல்லைன்னா, கன்டென்ட் ப்ரிஃபரன்ஸஸ் போய் சஜஸ்டட் போஸ்ட்ஸை (ஆப்பே நீட்டுற பதிவுகளை) 30 நாள் ஸ்னூஸ் பண்ணலாம், அதுவரைக்கும் வராது. அங்கேயே ரீசெட்டும் இருக்கு, ஆப் உங்களைப் பத்தி கத்துக்கிட்டதை அழிச்சிடும். ஆனா ரீசெட் பண்ணின கையோட பழைய அக்கவுண்டைத் தேடிப் போனா, கொஞ்ச நாள்லயே எல்லாம் திரும்ப வந்துடும். காரணம், லைக் மட்டும் கணக்கில்லை. எவ்வளவு நேரம் நின்னு பார்க்கிறீங்கங்கறதும் கணக்கு. வயித்தெரிச்சலோட பத்து செகண்ட் பார்த்தாலும் ஆப்புக்கு அது விருப்பம்தான். நாட் இன்ட்ரஸ்டட் அழுத்தணும்னா முழுசாப் பார்த்துட்டு அழுத்தாதீங்க, கண்ணுல பட்டதும் அழுத்துங்க.

ஃபேவரிட்ஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கு, 50 அக்கவுண்ட் வரைக்கும் சேர்க்கலாம். சமையல், செடி, பாட்டு, நிஜமான நண்பர்கள்னு 15 போதும். அந்த லிஸ்ட்டை மட்டும் திறந்து பார்த்தா பதிவுகள் தேதி வரிசையில வரும், சீக்கிரம் முடிஞ்சும் போகும். முடியறதுதான் இதுல பெரிய லாபம்.

நேரக் கட்டுப்பாடு வேணும்னா இன்ஸ்டாவுக்குள்ள இருக்கிற டெய்லி லிமிட் பெரியவங்களுக்கு வெறும் ஞாபகமூட்டல்தான், தள்ளிட்டுப் போயிடலாம். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸ்ல இருக்கிற டிஜிட்டல் வெல்பீயிங்ல ஆப் டைமர் போட்டா ஐகானே சாம்பல் நிறமாகி, நள்ளிரவு வரைக்கும் திறக்காது. ஆனா டைமரை எடுத்துவிடற கையும் நம்ம கைதான், அதனால ரொம்பக் கம்மியா வைக்காதீங்க. முதல் வாரம் 40 நிமிஷம், அப்புறம் 30.

மலைக்கோட்டை:
செல்வம் சொல்வது சரி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் யாரையும் முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றுக்கும் தினமும் தலா பத்து நிமிஷம், மூன்று வாரம். அப்படிக் குறைத்தவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஒரேயடியாக ஆப்பை அழிப்பவர்கள் நான்காம் நாள் இரட்டிப்புப் பசியோடு திரும்புவதை அடிக்கடி பார்க்கிறோம்.

வெளிச்சம் ஸ்டுடியோ:
முகத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிந்தால் அது தூரத்தின் வேலை. 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவில் டைமர் போட்டு, 5 அடி தள்ளி, ஜன்னலைப் பார்த்து நின்று ஒரு படம் எடுங்கள். செல்ஃபியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தினமும் கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தையே பார்த்துப் பழகியதால், நேர்ப் படம் முதலில் கோணலாகத் தோன்றும். மற்றவர்களுக்கு அப்படித் தோன்றாது.

கல்யாண ரீல்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு நாள் நிகழ்ச்சி ஒரு நிமிஷமாகிறது. மண்டப வாடகை பாக்கிக்கு நடந்த வாக்குவாதம், மதியம் மூன்று மணிக்குப் பெண் பசியோடு உட்கார்ந்திருந்தது, எதுவும் அதில் வராது. வெட்டுவதுதான் எங்கள் தொழில்.

பொன்னி:
பிள்ளைகள் விஷயம்? ரிசல்ட் அன்றைக்குக் குடும்பக் குரூப்பில் மார்க் போட ஆரம்பித்துவிடுகிறார்களே.

கணக்கு டீச்சர்:
தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்தியாகிவிட்டது. குடும்பக் குரூப்பில் இன்னும் நிற்கவில்லை. முதல் நாளே குரூப்பை 8 மணி நேரமோ ஒரு வாரமோ ம்யூட் செய்துவிடுங்கள், பிள்ளையின் போனிலும் சேர்த்து. யாராவது கேட்டால் அனுப்ப ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "பாஸ் பண்ணிட்டான் அத்தை, அடுத்து என்ன படிக்கிறதுன்னு பார்த்துட்டிருக்கோம்." மார்க்கை எழுதாதீர்கள். அதிக மார்க் என்றாலும் எழுதாதீர்கள், அந்தக் குரூப்பில் குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையும் இருக்கும்.

மலைக்கோட்டை:
ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்ப்பது, கண்ணாடி முன்னாலேயே மணிக்கணக்கில் நிற்பது, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் செட்டிங்ஸ் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அதை முதலில் செய்யுங்கள், நோட்டு அப்புறம்.

புதிய உறுப்பினர்:
செல்வம் அண்ணா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ம்யூட் பண்ணினா அக்காவுக்குத் தெரிஞ்சிடுமா?

செட்டிங்ஸ் செல்வம்:
தெரியாதுமா. ஸ்டேட்டஸ் லிஸ்ட்ல அக்கா பேரை அழுத்திப் பிடிச்சா ம்யூட் வரும். அக்கா உங்க போன்ல கீழே தனியாப் போயிடுவாங்க, கால், மெசேஜ் எல்லாம் வழக்கம்போல வரும். "பார்த்தியா?"ன்னு கேட்டா அன்னைக்கு மட்டும் கீழே போய்த் திறந்து பார்த்துக்கோங்க.