ஷாக்கின் ஃப்ரீ த்ரோவை மன்னிக்கலாமா?

கோட்டோரம்:
கூடைப்பந்து வீரர் ஷாக்கில் ஓ'நீலை (ஷாக்) எல்லாக் காலத்துக்குமான முதல் ஐந்து பேரில் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும். 1992-ல் என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட வந்து 2011-ல் ஓய்வு பெறும் வரை எறிந்த ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால், அதாவது விதி மீறினால், கிடைக்கும் தனி எறிதல்; போனால் ஒரு புள்ளி) 11,252, உள்ளே போனது 5,935. அதாவது 52.7 சதவீதம். 70 சதவீதம் போட்டிருந்தாலே இன்னும் 1,941 புள்ளி சேர்ந்து, 28,596-ல் நின்ற மொத்தம் 30,500-ஐத் தாண்டியிருக்கும். யாரும் மறிக்காமல் 15 அடியிலிருந்து எறியும் பந்து இது!

வளையக்காவல்:
11,252 ஃப்ரீ த்ரோ ஏன் வந்தது? ஃபவுல் செய்யாமல் வேறு எப்படியும் அவரை நிறுத்த முடியலை. வேண்டுமென்றே ஷாக்கை ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ எறிய வைக்கும் 'ஹேக்-எ-ஷாக்' உத்தியின் கணக்கையும் போடுங்க. இரண்டு எறிதலுக்கு 1.05 புள்ளி. 2000-01-ல் லீக் சராசரியே ஒரு வாய்ப்புக்கு (ஓர் அணியின் கையில் பந்து ஒரு முறை வந்தால்) 1.03 தான். ஃபவுல் செய்த அணிக்கு என்ன லாபம்? ஆறு ஃபவுல் ஆனால் அவங்க ஆள் வெளியே போகணும். 2000 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் இண்டியானா அணி அவரை 39 ஃப்ரீ த்ரோ எறிய வைத்தது. 18 தான் போட்டார். ஆனாலும் 40 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அவருடைய அணி லேக்கர்ஸ் 111-104 என்று ஜெயிச்சாங்க.

கோட்டோரம்:
லீக் சராசரியோடு ஏன் ஒப்பிடுறீங்க? அந்த வருஷம் லேக்கர்ஸ் 100 வாய்ப்புக்கு 108 புள்ளி எடுத்த அணி. அதை 105-க்கு இறக்கினால் எதிரணிக்கு லாபம்தான். 2000 டிசம்பர் 8-ல் சியாட்டிலுக்கு எதிரா 11 எறிந்து ஒன்றுகூடப் போடலையே.

சுழல்பந்து:
இருவரும் ஷாக்கின் கையைப் பார்க்காமல் பேசுறீங்க. அவ்வளவு பெரிய கையில் பந்து விரல் நுனியில் நிற்காமல் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். பின்சுழற்சி குறையும், பாதை தட்டையாகும். வளையத்தின் விட்டம் 18 அங்குலம், பந்து சுமார் 9.4. 45 பாகையில் இறங்கும் பந்துக்கு வளையம் 12.7 அங்குலமாகத் தெரியும். 35 பாகையில் 10.3 தான். இடைவெளியே ஒரு அங்குலத்துக்குள்! சுழற்சியும் இல்லாததால் விளிம்பில் பட்டது அப்படியே தெறித்துப் போகும்.
இரண்டு கையாலும் கீழிருந்து எறிந்தால் மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் வேலையில்லை, பந்தும் மெதுவாக விழும். பழைய வீரர் ரிக் பேரி அப்படித்தான் என்.பி.ஏ.வில் 90 சதவீதம் போட்டார். இன்னொரு பழைய வீரர் வில்ட் சேம்பர்லினும் 1961-62-ல் கீழிருந்து எறிந்து 61.3 சதவீதம் போட்டார். 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32-க்கு 28. பிறகு வெட்கப்பட்டு அந்த முறையைக் கைவிட்டார், 1967-68-ல் 38 சதவீதம். ஷாக்கும் அந்த முறைக்கு ஒப்பவே இல்லை. அவர்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான்.

வளையக்காவல்:
ஷாக் பயிற்சியே செய்யலைன்னு நினைச்சுடாதீங்க, சுழல்பந்து. 2002-03-ல் 62.2 சதவீதம், அவர் வாழ்நாளின் உச்சம். ஆனால் சதவீதம் கோப்பையைத் தந்துவிடலை: அந்த வருஷம்தான் லேக்கர்ஸ் இரண்டாம் சுற்றில் சான் அன்டோனியோவிடம் தோற்று வெளியேறியது. 46.9 சதவீதம் போட்ட 2005-06-ல் மயாமி அணியில் ஆடிக் கோப்பை.

கோட்டோரம்:
மயாமி கோப்பையை அவர் கணக்கில் எழுதாதீங்க. அந்த இறுதித் தொடரில் ஆட்டத்துக்கு 34.7 புள்ளி எடுத்தது சக வீரர் ட்வைன் வேட். கடைசி நிமிடங்களில் ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றதும் வேட்தான்.