டர்போ வண்டி, ஆனால் இழுவையே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு மாதம் முன்பு பழைய டர்போ பெட்ரோல் எஸ்யூவி ஒன்று வாங்கினேன். ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், 62,000 கிலோமீட்டர் ஓடியது. வேளச்சேரியில் பச்சை விழுந்ததும் மிதித்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் வண்டி அசைகிறது. ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுழலும் வேகம்) 2,000-ஐத் தாண்டியதும் திடீரென்று பாய்கிறது.

கொஞ்சம் புரிகிறது. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை வராது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரும் கொஞ்சம் வழுக்கும். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாம் கூடுதல் எடை. சென்னை வெயிலில் சூடான காற்று, ஏசி வேறு. சரி.

ஆனால் மதுரவாயல் பைபாஸில் 60-லிருந்து 80-க்குப் போகவே திணறுகிறது. அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நுழைய உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மிதிக்கும்போது பானெட்டுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) ரப்பர் ஹோஸில், கிளாம்ப் ஓரமாக எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறது.

ஸ்கேனரில் எந்த எரர் கோடும் (error code) வரவில்லை. மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். எனக்கு ஹோஸில் காற்று கசிகிறதோ என்று சந்தேகம். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது) செய்து பார்க்கலாமா? சென்னையில் எங்கே நம்பிப் போகலாம்? அப்புறம், கியர்பாக்ஸ் ஆயில் பழசானாலும் இப்படி மந்தமாகுமா?