பேச்சு நின்றதும் மின்விசிறி இரைகிறது: கெயின் கட்டுப்பாட்டில் எங்கே தவறு?

ஒட்டுக்கேட்பவன்:
வணக்கம். ஞாயிறுதோறும் பதினைந்து பேர் கூடிப் பேசும் எங்கள் வாசகர் வட்டத்துக்காக, உலாவியிலேயே இயங்கும் சிறிய குரல்கூட்டச் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். அடித்தளம் வெப்ஆர்டிசி (உலாவிகளுக்கிடையே நேரலையில் ஒலி, ஒளி அனுப்பும் தொழில்நுட்பம்). ஒருவர் குரல் காதைப் பிளக்கிறது, இன்னொருவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். எல்லார் குரலையும் ஓரளவு சமப்படுத்த நானே ஒரு தானியங்கி கெயின் கட்டுப்பாடு எழுதினேன் (கெயின் என்பது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு). 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒலியளவை அளந்து, −20 டெசிபல் இலக்கை நோக்கி கெயினை நகர்த்துகிறேன் (0 என்பது உச்ச ஒலி; கீழே போகப் போக மெல்லியது). கெயினின் உச்சவரம்பு 30 டெசிபல்.

சிக்கல், வட்டத்தின் மூத்தவர் படிக்கும்போது வருகிறது. வயது எழுபத்தெட்டு, மெல்லிய குரல், பழைய மடிக்கணினி, தலைக்கு மேல் மின்விசிறி. ஒரு வரியைப் படித்துவிட்டு நிதானமாக மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் மின்விசிறி மெல்ல மெல்ல உயர்ந்து, விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது. அவர் அடுத்த வரியைத் தொடங்கியதும் முதல் அசை வெடித்து விழுகிறது. பிறகுதான் குரல் அடங்குகிறது. மே மாதத்தில் போய் மின்விசிறியை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது?

அளந்து பார்த்தேன்: அவர் குரல் −38, மின்விசிறி −62.

பழைய ரேடியோ:
உங்கள் எண்களே பதிலைச் சொல்கின்றன, தம்பி. பேச்சு நின்றதும் உங்கள் நிரல் மின்விசிறியையே 'மெல்லிய குரல்' என்று நினைத்துக்கொண்டு தூக்குகிறது. 30 டெசிபல் ஏறினால் இரைச்சல் −32. அந்த நிலையில் அவர் வாய் திறந்தால் குரல் −8. வெடிக்காமல் என்ன செய்யும்? ஒலிப்பதிவுக் கூடங்களில் இதை 'பம்பிங்' என்பார்கள்.

ஒலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பேச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் இயந்திரக் கற்றல் வேண்டும். ஆர்என்என்ஆய்ஸ் (RNNoise) என்ற கட்டற்ற நிரல் நூலகம் இருக்கிறது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ழான்-மார்க் வாலன் 2017இல் வெளியிட்டார். இரைச்சலை வடிகட்டுவதோடு, ஒவ்வொரு 10 மில்லிநொடித் துண்டிலும் பேச்சு இருப்பதற்கான நிகழ்தகவையும் 0 முதல் 1 வரை தரும். அது உயர்ந்திருக்கும்போது மட்டும் குரலின் அளவைக் கணியுங்கள். தாழ்ந்ததும் கெயினைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒட்டுக்கேட்பவன்:
நன்றி ஐயா. இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்துவிட்டேன். இரைச்சல் உயர்வது நின்றது. ஆனால் இப்போது கெயின் அசையவே மாட்டேன் என்கிறது! நிகழ்தகவை அச்சிட்டுப் பார்த்தால் 0, 0, 0. மைக்கை வாயருகே வைத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். மாடலில் கோளாறா?

நள்ளிரவு நிரல்:
மாடலைத் திட்டாதீர்கள். இதே குழியில் நான் ஒரு வாரம் கிடந்தேன். உலாவி தரும் சாம்பிள்கள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்கள்) −1 முதல் +1 வரை இருக்கும். ஆர்என்என்ஆய்ஸ் தசம எண்களைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அவை −32768 முதல் 32767 வரையிலான அளவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நீங்கள் கத்தினாலும் அதற்கு அது எறும்பின் மூச்சு. 'அமைதி' என்று முடிவுகட்டி 0 தந்துவிடுகிறது. உள்ளே அனுப்பும்போது 32768ஆல் பெருக்குங்கள், வெளியே வந்ததும் வகுத்துவிடுங்கள்.

கூடவே இதையும் பாருங்கள். அது 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கானது. ஒரு துண்டுக்குச் சரியாக 480 சாம்பிள். உலாவியில் ஒலியைக் கையாளும் பகுதியான ஆடியோ வொர்க்லெட் தருவதோ 128, 128ஆக. நான்கு கட்டு சேர்ந்தால் 512; அதில் 480 போக மீதி 32 அடுத்த சுற்றுக்கு. மீதியை வைத்துக்கொள்ள ஒரு சுழல் இடையகம் இல்லையென்றால் குரலில் கிடுகிடுவென்று நடுக்கம் கேட்கும்.

உலாவியின் சொந்தத் தானியங்கி கெயினை அணைத்தீர்களா? அதுவும் இயங்கினால், ஒரே ஸ்டியரிங்கை இரண்டு ஓட்டுநர்கள் பிடித்த கதைதான்.

ஒட்டுக்கேட்பவன்:
ஒரே ஒரு பெருக்கல்! நிகழ்தகவு இப்போது அவர் பேசும்போது 0.9க்கு மேலே, மூச்சு வாங்கும்போது கீழே என்று அழகாக ஆடுகிறது. உலாவியின் கெயினையும் அணைத்தேன் (ஆம், அதை அணைக்கவே இல்லை). ஒரு கேள்வி: கெயினை எவ்வளவு வேகமாக ஏற்றலாம்? இருமல், கதவு சாத்துவது போன்றவற்றுக்கும் சில சமயம் துள்ளுகிறது.

நள்ளிரவு நிரல்:
வெப்ஆர்டிசியின் இரண்டாம் தலைமுறைக் கெயின் கட்டுப்பாட்டு நிரலைப் படியுங்கள். ஆர்என்என்ஆய்ஸ் வழிவந்த குரல் கண்டறிதல்தான் அதிலும் இருக்கிறது. நிகழ்தகவு 0.95ஐத் தாண்டினால்தான் பேச்சு என்று ஏற்கிறது. அதுவும் தொடர்ந்து 12 துண்டுகளாவது வந்தால்தான், அதாவது 120 மில்லிநொடி நீடித்தால்தான், நம்புகிறது. கதவுச் சத்தம் அதற்குள் முடிந்துவிடும். கெயின் மாறும் வேகம் நொடிக்கு 6 டெசிபலுக்கு மேல் போகாது. திடீர்க் கத்தலைக் கடைசியில் நிற்கும் லிமிட்டர் (உச்ச அளவைத் தாண்டும் ஒலியை அழுத்தும் பகுதி) பார்த்துக்கொள்ளும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கட்டுப்பாடு: தூக்கிய பிறகு இரைச்சல் −50ஐத் தாண்டக்கூடாது. உங்கள் மூத்தவருக்கு வேண்டியது 18 டெசிபல். ஆனால் மின்விசிறி −62இல் இருப்பதால் 12தான் கிடைக்கும். குரல் −26இல் நின்றுவிடும். எனவே முதலில் வடிகட்டுங்கள், பிறகு தூக்குங்கள். வரிசை மாறினால் பயனில்லை.

அடுக்களை மைக்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மிக்சிச் சத்தத்தை இந்த முறை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் கூடத்தில் ஓடும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரின் குரலைத் தூக்கி வைத்து எல்லாருக்கும் கேட்க வைக்கிறது. அதற்கு என்ன வழி?

பழைய ரேடியோ:
அம்மா, அவரும் பேசத்தானே செய்கிறார். பேச்சா இல்லையா என்று மட்டும் கற்ற மாடலுக்கு, யார் பேச்சு என்று தெரியாது. உங்கள் குரலின் வழக்கமான அளவைவிட 15 டெசிபல் தாழ்ந்து வரும் பேச்சைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், ஓரளவு தேறும். குறிப்பிட்ட ஒருவர் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மாடல்களும் உண்டு. அவற்றுக்கு உங்கள் குரல் மாதிரியை முன்கூட்டியே தர வேண்டும், கணினிக்கும் சுமை. அதுவரை மைக்கை மூடும் பொத்தானே கதி.

ஒட்டுக்கேட்பவன்:
நேற்றுக் கூட்டம் நடந்தது. வடிகட்டிய பின் மின்விசிறி −76, 18 டெசிபல் தூக்கியும் −58தான். மூத்தவர் முழுக் கட்டுரையையும் படித்தார், ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும், 'இணைப்பு போய்விட்டதா? யாரும் இருக்கிறீர்களா?' என்று இரண்டு முறை கேட்டார். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

பழைய ரேடியோ:
அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டீர்கள்! தொலைபேசியில் முற்றிலும் ஒலியற்றுப் போனால் அழைப்பு அறுந்ததாகவே காது எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே வேண்டுமென்றே மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பார்கள். வடிகட்டிய ஒலி ஏழு பங்கு, மூல ஒலி மூன்று பங்கு என்று கலந்து பாருங்கள். இரைச்சல் ஏறக்குறைய 7 டெசிபல்தான் குறையும். 18 தூக்கினாலும் −51, வரம்புக்குள்தான். வடிகட்டி சேர்க்கும் தாமதத்தை மூல ஒலிக்கும் அதே அளவு கொடுத்த பிறகு கலக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து பேசுவார்கள்.