கப்பல் சுற்றுலா போய் வந்தவர்களே, இன்னும் மனதை அரிக்கிற ஒரு சம்பவம்?

வெட்டாறு

அலாஸ்கா. சியாட்டிலில் ஏறி ஏழு நாள். பனியாறு, திமிங்கிலம் எல்லாம் பார்த்தோம், அதை எழுத வரவில்லை.

ஜூனோவில் கப்பல் இரவு ஒன்பதுக்குக் கிளம்பும், எட்டரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம். அந்த ஊரில் அப்போது பத்து மணி வரை சூரியன் இறங்காது. ஒன்பது மணிக்கும் நம்மூர் சாயங்காலம் ஐந்து மணி மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்தை நம்பித்தான் அந்த இரண்டு பேரும் ஏமாந்திருக்க வேண்டும்.

கயிறுகளை அவிழ்த்தாகிவிட்டது, நடைபாலத்தை எடுத்தாகிவிட்டது. தூரத்தில் ஓர் ஆளும் ஓர் அம்மாவும் ஓடி வருகிறார்கள். அறுபது வயது இருக்கும். அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேல் தளத்தில் ஒரே கைதட்டல், விசில். ரன் அவுட் ஆகப்போகிறவனைப் பார்க்கிற உற்சாகம். நானும் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். சிரித்தேன். கப்பலுக்கும் துறைமுக மேடைக்கும் நடுவே முதலில் ஒரு முழம் தண்ணீர், அப்புறம் ஒரு பஸ் நிற்கிற அகலம். அந்த ஆள் கயிறு கட்டும் இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா உட்காரவில்லை. செருப்பைக் கீழே போட்டார், ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

ஜூனோவிலிருந்து வெளியூர் போகச் சாலையே கிடையாது, விமானம் அல்லது படகுதான் என்று அப்புறம் தெரிந்தது. வீடியோ 41 விநாடி. அதில் என் சிரிப்புதான் முதலில் கேட்கிறது.

பதினொரு பயணம்

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது சார்? இரண்டு பேருக்காக மூவாயிரம் பேர் காத்திருக்க முடியுமா? அடுத்த ஊரில் துறை ஒதுக்கிய நேரம் இருக்கிறது, வழிகாட்டி மாலுமி வருகிற நேரம் இருக்கிறது. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போய் பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். சொந்தமாக டாக்ஸி பிடித்து ஊர் சுற்றினால் நிற்காது. டிக்கெட் விதிகளிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

நான் பதினோரு முறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வைத்துத் திரும்பியதில்லை.

கோசுமெல் தொப்பி

பதினொரு பயணம் சார், வணக்கம். மேடையில் நின்ற ஆள்களில் நானும் ஒருவன். ஜூனோ இல்லை, மெக்சிகோவின் கோசுமெல்.

நான் சோம்பேறி இல்லை. நாலரைக்குள் ஏற வேண்டும், என் போனில் மூன்று இருபது. ஆகஸ்ட் மாதம். மயாமியில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், கோசுமெலில் அந்தப் பழக்கம் கிடையாது. கப்பல் முழுக்க மயாமி நேரத்திலேயே ஓடியது. என் போன் மட்டும் கரையிறங்கியதும் சமர்த்தாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. மனைவியும் பையனும் முன்னாடியே ஏறிவிட்டார்கள். நான் ஒரு தொப்பி வாங்கப் பின்தங்கினேன். அவளைக் கூப்பிட்டால் போகவில்லை. அவள் போன் ஏரோப்பிளேன் மோடில் இருந்தது. கப்பலில் செயற்கைக்கோள் ரோமிங் பணத்தைக் கறந்துவிடும் என்று போடச் சொன்னவனே நான்தான்.

மேடையில் கப்பல்காரர்களின் உள்ளூர் ஏஜெண்ட் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நின்றிருந்தார். ஆள் வராவிட்டால் கேபின் பெட்டகத்திலிருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து இப்படிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். உள்ளே என் பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, மனைவி கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. “தொப்பி கிடைத்ததா?”

மறுநாள் விமானத்தில் மயாமி போய், கப்பல் வருவதற்கு முன்பே துறைமுக வாசலில் நின்றேன், தொப்பி போட்டுக்கொண்டு. சீட்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது. கோபத்தில் எழுதினாளா சிரித்துக்கொண்டே எழுதினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

சிராங்கூன் அக்கா

என் கதை ரைஸ் குக்கர். சிரிக்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் ஐந்து நாள் கப்பல். மாமியார் சுத்த சைவம், முட்டை பட்ட கரண்டிகூட ஆகாது. சின்ன குக்கர், இரண்டு கிலோ பொன்னி, புளிக்காய்ச்சல் என்று பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். ஸ்கேனில் பிடித்துவிட்டார்கள். சூடாகும் எந்தச் சாமானும் கேபினில் கூடாதாம், தீ பயம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாமே பறிமுதல், கடைசி நாள் திருப்பித் தருவார்கள். ஓர் அறையில் இருபது முப்பது இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே என் குக்கர் மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

உறுத்துவது அதில்லை. மூன்று நாள் மாமியார் பிரெட்டும் வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டார். “எனக்குப் பசியே இல்லைம்மா” என்று சொல்லிக்கொண்டே. நானும் நம்பிவிட்டேன், நம்புவது வசதியாக இருந்தது. நான்காம் நாள் பஃபேயில் ஒரு பரிசாரகர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், “நீங்க தமிழா? முதல் நாளே சொல்லியிருந்தா கிச்சன்ல தனியாப் பண்ணச் சொல்லியிருப்பேனே பாட்டி” என்றார். தூத்துக்குடிப் பிள்ளை. அன்று ராத்திரி சாதமும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தது. மாமியார் நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சாதம் கேட்டார். அப்போதுதான் என் முகம் சுருங்கியது.

பதினொரு பயணம்

சிராங்கூன் மேடம், இதைத்தான் சொல்கிறேன். சைவமோ ஜைனமோ, டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறிய முதல் ராத்திரியே உணவகத் தலைமைப் பரிசாரகரைப் பார்த்து, நாளைக்கு இன்னது வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். வெட்கப்படக் கூடாது.

என் சொந்த அனுபவம் ஒரே வரி: முதல் பயணத்தில் கப்பலின் மூக்குப் பக்கம் மலிவாக ஒரு கேபின் எடுத்து, இரண்டு நாள் வாளியும் நானுமாக இருந்தேன். அதிலிருந்து கற்றவை சில. நடுக் கப்பல், கீழ்த் தளம். ஏறி இறங்கும் பலகையின் (சீ-சா) நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, அதே கணக்கு. ஆவோமின் மாதிரி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கடல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும், பரவாயில்லை. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி கேபினுக்கு வர ராத்திரிகூட ஆகலாம். பஃபே வாசலில் கைக்கு அடிக்கும் சானிடைசரை நம்பாதீர்கள், வயிற்றுப்போக்குக் கிருமி நோரோவைரஸ் அதற்கு மசியாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அலாஸ்கா போகிறவர்கள் கவனிக்க: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது. 1886இல் போட்ட ஓர் அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைகளை மட்டும் சுற்றிவிட்டு வர முடியாது, நடுவில் ஓர் அந்நியத் துறையைத் தொட வேண்டும். அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சாயங்காலம் சில மணி நேரம் நிற்கின்றன. ஊரைக் காட்டவா நிறுத்துகிறார்கள்? ஆக, கனடா விசாவும் வேண்டும், நீங்கள் கேபினில் படுத்துத் தூங்கினாலும். ஐரோப்பாவில் நடுவில் துருக்கி தொட்டுத் திரும்பும் கப்பலுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது, துருக்கி அதில் இல்லை) பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குவதற்கும் அதே கதை.

கடைசியாக, உயிர்காப்பு ஒத்திகையைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவு அருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி. இப்போது கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

கரையோரம்

சார், தலைப்பு “மனதை அரிக்கும் சம்பவம்”. ஒரு வரி சம்பவம், மூன்று பத்தி பாடம்!

என்னுடையதும் ஒரு வரிதான். கடைசி ராத்திரி பெட்டிகளை எல்லாம் கலர் சீட்டு கட்டி வாசலில் வைக்கச் சொன்னார்கள், பொறுப்பாக வைத்தேன், விடிந்து பார்த்தால் அப்பாவின் பேண்டும் போய்விட்டது. சங்கு மார்க் லுங்கியோடும் கப்பலில் வாங்கிய ஜாக்கெட்டோடும் அவர் குடியுரிமை வரிசையில் நின்றதைப் படம் எடுக்காமல் விட்டதுதான் என் வருத்தம். வெட்டாறு எடுத்திருப்பார்.

நாகர்கோவில்

லட்சத்தீவு. கொச்சியில் ஏறி கவரத்தி, கல்பேனி, மினிக்காய். சொகுசுக் கப்பல் இல்லை, அரசுக் கப்பல், அதனால் இந்த இழையில் சேருமா தெரியவில்லை.

தீவைச் சுற்றிப் பவளத்திட்டு, உள்ளே ஆழமில்லை. பெரிய கப்பல் கடலிலேயே நின்றுவிடும். கப்பலின் விலாவில் ஒரு கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு. அது ஒரு நேரம் கதவு மட்டத்துக்கு வருகிறது, மறு நேரம் ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்குகிறது. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் போச்சு. இப்படித்தான் இறங்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள்.

கதவருகே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. கப்பலில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, படகில் இரண்டு பேர் கையை நீட்ட, “பேடிக்கண்ட அம்மே” (பயப்படாதீங்க அம்மா) என்று மலையாளத்தில் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அலை ஏறியது. ஒரே தூக்கு. அம்மா படகில்.

அப்புறம் என் முறை. என் கால் நகரவில்லை. ஓர் அலை போயிற்று, இரண்டாவது போயிற்று. பின்னால் வரிசை நிற்கிறது. கீழேயிருந்து அம்மா கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், “வாடா, ஒன்றும் ஆகாது” என்று. நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது.

போகிறவர்கள் பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். கையில் எதுவும் இருக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நினைத்தே பார்க்காதீர்கள்.

ஒழுங்கை

நான் கனடா. 2023இல் சென்னையில் ஒரு கலியாணத்துக்கு வந்த இடத்தில், சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று புதிதாக விட்ட சொகுசுக் கப்பலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போது 74. எங்கட ஊர் மாவிட்டபுரம். 1990இல் வெளிக்கிட்டது, அதுக்குப் பிறகு அவ போகேல்லை.

காலையில் மேல்தளத்தில் நின்று காங்கேசன்துறை வெளிச்சவீட்டைப் பார்த்தா. ஒன்றும் கதைக்கேல்லை. கரையில் இறங்கினதும் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள், யாழ்ப்பாணம், நல்லூர் பார்க்க. துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற அந்த றோட்டிலதான் மாவிட்டபுரம் இருக்கு, சில நிமிட ஓட்டம். கோயில் கோபுரம் தெரிந்ததும் அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றா. எங்கட ஒழுங்கை, வீடிருந்த சந்து, வந்தது. போனது.

பதினொரு பயணம் ஐயா, உங்கட மாதிரி ஆள்கள் எழுதினதை எல்லாம் வாசித்துப்போட்டுத்தான் நான் வந்திருந்தேன். கப்பல் நிக்காது, கூட்டத்தை விட்டு விலகாதே, ஒரு மணி நேரம் கையில் வை. அதுதான் மண்டைக்குள் ஓடினது. சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்கேல்லை. திரும்பி வரும்போது கேட்கலாம் என்று இருந்தேன். வரும்போது அம்மா மற்றப் பக்க யன்னலில் நித்திரை. நித்திரையோ கண்ணை மூடிக்கொண்டு இருந்தாவோ தெரியாது.

பதினொரு பயணம்

ஒழுங்கை மேடம், நான் எழுதியது தனியாகச் சுற்றப் போகிறவர்களுக்கு. பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கப்பல்காரர்களின் பஸ் என்றால் அது திரும்பும்வரை கப்பல் நின்றிருக்கும். இதை மேலேயே எழுதியிருக்கிறேன், ஆனால் நீங்கள் படித்த இடத்தில் எழுதாமல் விட்டிருப்பேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் போனால் இறங்கித் தங்கலாம், மேடையில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வெட்டாறு

கரையோரம் சொன்னது சரிதான், லுங்கியையும் எடுத்திருப்பேன். வீடியோவை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசை. அழிக்கவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு நேற்று மறுபடி பார்த்தேன். அந்த அம்மா பார்த்தது எங்களை இல்லை போலிருக்கிறது. கேபின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒழுங்கை

நன்றி ஐயா. அம்மாவுக்கு இப்ப 76, முழங்கால் சரியில்லை. நாகர்கோவில் அண்ணா, உங்களுக்குத் தெரியுமோ, அந்த நாகப்பட்டினம் படகில் ஏறுவதற்குப் படியா, சரிவுப் பலகையா?