சூழலியல் வகுப்பை எண்ணூர் கழிமுகத்தில் நடத்தலாமா?

அறிவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை:
ஒன்பதாம் வகுப்பின் சூழலியல் பாடத்தை வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் பள்ளித் தோட்டத்திலும், மாதம் ஒரு முறை எண்ணூர் கழிமுகத்திலும் நடத்தலாம் என்று எங்கள் பள்ளியில் முன்வைத்தேன். பெற்றோர் சிலர் எதிர்க்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே கூறியும், நடைமுறையில் அது ஒரு நெடுவினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. அலையாத்தி மர வகையான வெண்கண்டலின் இலையைத் தேய்த்து, விரலில் ஒட்டும் உப்பைக் கண்ட மாணவி, அந்த உப்பு மரத்துக்குள் எப்படி ஏறியது என்று தானாகவே கேட்பாள். கரும்பலகை அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

மணலி பெற்றோர்:
அம்மா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இடத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் அந்தக் கழிமுகத்தின் அலையாத்தி மரங்களில் கறுப்பாகப் படிந்தது. அதே மாத இறுதியில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் என் மகன் முழங்கால் அளவு இறங்கித்தான் சூழலியல் கற்க வேண்டுமா? அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வேறு இருக்கிறது.

கொசஸ்தலை வலைக்காரன்:
எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சேற்றில் நாள்தோறும் இறங்குகிறார்கள். அவர்களுடைய உடல்நலம் குறித்து இப்படியொரு கேள்வி எழுந்து நான் கண்டதில்லை. அது நிற்க, ஆசிரியையின் திட்டத்திலும் எனக்கு உடன்பாடில்லை. மாதம் ஒரு முறை வந்து படம் பிடித்துச் செல்வது சுற்றுலாவே தவிர ஆய்வு ஆகாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த காக்கா ஆழி என்னும் சிப்பி இப்போது கொசஸ்தலை ஆற்றின் அடிமண்ணைக் கம்பளம்போல் மூடிவிட்டதால், இறால் புதைந்து வாழச் சேறு இல்லை, கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பும் இல்லை. ஒரே இடத்தில், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் எத்தனை ஆழி, எத்தனை நண்டு வளை என்று ஓர் ஆண்டு முழுவதும் எண்ணினால்தான் அந்தப் பரவல் புலப்படும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை ஊதியம் கொடுத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை:
ஊதியம் குறித்துச் சொன்னது நியாயமே. பெற்றோரின் அச்சத்துக்கு என் விடை இது: கழிமுகத்தில் கரையில் நின்றே அளவெடுப்போம், தோட்டத்தில் பள்ளியின் சொந்த மண்ணில் ஒரு பாத்தியும், வாங்கிய மண் நிரப்பிய பைகளில் ஒரு வரிசையும் அமைத்து, இரண்டிலும் ஒரே நாளில் தண்டுக்கீரை விதைப்போம். வேளாண் துறை ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்த பிறகே கீரை சமையலுக்குப் போகும்.

மணலி பெற்றோர்:
அந்த ஆய்வகத்தின் மண்வள அட்டைச் சோதனை கார அமிலநிலை, உப்புநிலை, தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம் போன்றவற்றைத்தான் காட்டும். ஈயமும் காட்மியமும் அதில் வாரா. லாரிப் புகையும் ஆலைப் புகையும் படியும் நம் பகுதியில் தேட வேண்டியவை அவைதாம். அதைச் சோதிக்காத தாளை வைத்துக்கொண்டு கீரை பாதுகாப்பானது என்று சொல்வது அறிவியல் ஆகாது.

அறிவியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை:
அப்படியானால் பாத்தியில் கீரைக்குப் பதில் சாமந்தி வளரட்டும். கன உலோகச் சோதனைக்கு எந்த ஆய்வகத்தை நாடுவது, என்ன செலவாகும் என்று விசாரிக்கும் வேலையை மாணவர்களிடமே ஒப்படைக்கிறேன். அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

மணலி பெற்றோர்:
தோட்டத்துக்குச் சம்மதம். கழிமுகத்துக்கு இன்னும் கையொப்பமிட மாட்டேன்.

கொசஸ்தலை வலைக்காரன்:
அவர் ஒப்பினாலும் கால அட்டவணை இடிக்கும். நீரேற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், இந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வற்றம், அதாவது நீர் இறங்கியிருக்கும் நேரம், என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் சட்டம் வைத்த இடம் தண்ணீருக்குள் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவதென்றால் வற்றம் ஓரளவு ஒத்துவரும். தலைமையாசிரியர் அதற்கு இசைவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.